சுவிட்சர்லாந்தில் ஒரு வாரம்: எந்த ரயில் பாஸ் எடுப்பது?

ஷெங்கன் விசா கைக்கு வந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை ஸ்விஸ் டிராவல் பாஸ் வாங்குவது. ஏஜென்ட் சொல்கிறார், போய்வந்த நண்பர் சொல்கிறார், நாமும் வாங்கிவிடுகிறோம். அருமையான பாஸ்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐந்தாறு நாள் மட்டும் போய், ஒன்றிரண்டு ஊர்களில் தங்கி, மலை ஏறி இறங்கி வருகிற குடும்பத்துக்கு அது பெரும்பாலும் தேவைக்கு மீறிய செலவு. ஆளுக்குச் சுமார் 100 ஃபிராங்கு கூடிவிடும். ஒரு ஃபிராங்கு 100 ரூபாய்க்கு மேல் விற்கிற காலத்தில் இது சின்னத் தொகை இல்லை. அந்தப் பணத்தில் இன்னொரு மலை உச்சிக்கே போய் வந்துவிடலாம்.

அதனால் பாஸை முதலில் அல்ல, கடைசியில் தேர்ந்தெடுங்கள். எந்த நாள் எங்கே என்பது தெளிவானால் பாஸ் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் தாளும் பேனாவும்

ஒரு தாளில் தேதிவாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் எந்த ஊரில் கிளம்புகிறீர்கள், ராத்திரி எந்த ஊரில் தூங்குகிறீர்கள், இடையில் எந்த மலைக்கோ ஏரிக்கோ போகிறீர்கள் என்று மட்டும் இருந்தால் போதும். எழுதியதும் உங்கள் பயணம் எந்த வகை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு வகை, ஓரிடத்தில் தங்கிச் சுற்றுவது. லூசெர்னில் இரண்டு ராத்திரி, இன்டர்லாக்கன் பக்கம் மூன்று ராத்திரி என்று இருந்துகொண்டு தினமும் பக்கத்து மலைக்குப் போய்வருவது. ரயில் தூரம் குறைவு, மலைச் செலவு அதிகம். இன்னொரு வகை, நகர்ந்துகொண்டே இருப்பது. சூரிக், லூசெர்ன், மான்ட்ரூ, செர்மாட், செயின்ட் மோரிட்ஸ் என்று நாட்டையே ஒரு வட்டம் அடிப்பது. இதில் ரயில் தூரம்தான் பெரிய செலவு, மலை அடுத்தபடி.

எழுதிய ஒவ்வொரு பயணத்துக்கும் பக்கத்தில் முழுக் கட்டணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவிஸ் அரசு ரயில்வேயான எஸ்பிபியின் இணையதளத்திலோ எஸ்பிபி மொபைல் செயலியிலோ கிளம்பும் ஊரையும் சேரும் ஊரையும் போட்டால் விலை வரும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பயணியிடம் பாதிக் கட்டண அட்டை இருப்பதாக வைத்துக்கொண்டே அது விலை காட்டுவது உண்டு. உள்ளூர்க்காரர்களில் மிகப் பலரிடம் அந்த அட்டை இருப்பதால் அப்படி. பயணி விவரத்தில் 'அட்டை எதுவும் இல்லை' என்று மாற்றிவிட்டுப் பார்த்தால்தான் உண்மையான முழு விலை தெரியும். இதைக் கவனிக்காமல், 'தனித்தனி டிக்கெட்டே மலிவாக இருக்கிறதே' என்று நம்பிவிடக் கூடாது.

முக்கியமாக இரண்டே போட்டியாளர்கள்

பாஸ்கள் நிறைய இருந்தாலும் பெரும்பாலானோருக்குப் போட்டி இரண்டுக்கு நடுவில்தான்.

ஸ்விஸ் டிராவல் பாஸ் தொடர்ச்சியான 3, 4, 6, 8 அல்லது 15 நாட்களுக்குக் கிடைக்கும். ரயில், மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து, ஏரிப் படகு, நகரங்களுக்குள் ஓடும் டிராம், பேருந்து எல்லாமே அதில் அடக்கம். 500-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. 2025 விலைப்படி இரண்டாம் வகுப்புக்கு 3 நாள் 244 ஃபிராங்கு, 4 நாள் 295, 6 நாள் 379, 8 நாள் 419, 15 நாள் 459. நாள் கூடக்கூட ஒரு நாளுக்கான செலவு எப்படி விழுகிறது பாருங்கள்: 3 நாள் பாஸில் ஒரு நாளுக்கு 81 ஃபிராங்கு, 8 நாள் பாஸில் 52, 15 நாள் பாஸில் 31-க்கும் குறைவு. அதாவது குறுகிய பயணத்துக்குத்தான் இந்தப் பாஸ் மிக விலை உயர்ந்தது. சுவிட்சர்லாந்திலும் லீக்டன்ஸ்டைனிலும் குடியிருப்பவர்களுக்கு இது கிடையாது, வெளியிலிருந்து வருபவர்களுக்கு மட்டும்தான். இதிலேயே ஃப்ளெக்ஸ் என்று ஒன்று உண்டு. ஒரு மாதத்துக்குள் உங்களுக்கு வேண்டிய நாட்களில் மட்டும் பயன்படுத்தலாம், விலை சற்றுக் கூடுதல்.

எதிர்ப் பக்கத்தில் ஸ்விஸ் ஹாஃப் ஃபேர் கார்டு, அதாவது பாதிக் கட்டண அட்டை. 2025-ல் 150 ஃபிராங்கு, ஒரு மாதம் செல்லும். இது பாஸ் இல்லை, தள்ளுபடி அட்டை. இதைக் கையில் வைத்துக்கொண்டு ரயில், பேருந்து, படகு, பெரும்பாலான மலை ரயில், ரோப் கார் எல்லாவற்றுக்கும் அவ்வப்போது பாதி விலையில் டிக்கெட் எடுக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் டிக்கெட் எடுப்பது தொல்லை என்று சிலர் நினைப்பார்கள். செயலியில் அரை நிமிட வேலை, பயப்பட ஒன்றுமில்லை.

மலை உச்சிகள் தனிக் கணக்கு

புதிதாகப் போகிறவர்கள் பெரிதும் குழம்புவது இங்கேதான். 'பாஸ் வாங்கிவிட்டோம், எல்லா மலைக்கும் இலவசம்' என்று நினைத்துப் போய் டிக்கெட் கவுன்டரில் திகைத்து நிற்பவர்கள் நிறைய.

டிராவல் பாஸில் முழுக்க இலவசமாக ஏறக்கூடிய பிரபலமான மலைகள் மூன்று, மூன்றுமே லூசெர்ன் வட்டாரத்தில். ரிகி, ஸ்டான்ஸர்ஹார்ன், ஸ்டூஸ். ரிகிக்கு 1871-லேயே பல்சக்கர ரயில் போட்டுவிட்டார்கள், ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அது. ஸ்டூஸ் ஏறுவது பழனி விஞ்ச் போலக் கம்பியில் இழுபடும் வண்டியில். 2017 டிசம்பரில் திறந்தது, உலகிலேயே மிகச் செங்குத்தானது. மேலே ஏறும்போது நாம் சாய்ந்துவிடாமல் இருக்கப் பெட்டிகள் பீப்பாய் மாதிரி தாமாகவே சுழன்றுகொள்ளும். ஸ்டான்ஸர்ஹார்ன் ரோப் காருக்கு மேல்தளமே திறந்தவெளி.

மற்ற பெரிய மலைகளில் பலவற்றுக்கு டிராவல் பாஸ் தருவது பாதித் தள்ளுபடி மட்டும்தான். டிட்லிஸ், பிலாட்டஸ், செர்மாட்டிலிருந்து ஏறும் கோர்னர்கிராட் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஷில்ட்ஹார்னுக்கு மியூரன் கிராமம் வரை பாஸ் செல்லும், அதற்கு மேலே பாதி விலை. அந்தப் பாதித் தள்ளுபடியை ஹாஃப் ஃபேர் கார்டும் தருகிறது. ஆகவே இந்த மலைகளைப் பொறுத்தவரை இரண்டும் சமம். டிராவல் பாஸுக்கு அதிகமாகக் கொடுக்கும் காசு இங்கே உங்களுக்கு எதையும் மிச்சப்படுத்தவில்லை.

யுங்ஃபிராவ்யோஹ் இன்னும் ஒரு படி தாண்டியது. 3,454 மீட்டர் உயரத்தில், 1912-ல் திறக்கப்பட்ட ரயில் நிலையம். ஐரோப்பாவில் அதைவிட உயரத்தில் வேறு ரயில் நிலையம் கிடையாது. ஐகர் மலையின் பாறையைக் குடைந்து போகும் அந்தச் சுரங்கப் பாதைக்காகவே நம் ஊரிலிருந்து பலர் சுவிட்சர்லாந்து போகிறார்கள். டிராவல் பாஸ் கிரின்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் இலவசம். அதற்கு மேலே தள்ளுபடி வெறும் 25 சதவீதம். ஹாஃப் ஃபேர் கார்டிலோ 50 சதவீதம். விலை குறைந்த அட்டை விலை கூடிய பாஸைவிட அதிகத் தள்ளுபடி தருவது விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் நடைமுறை அதுதான். கோடையில் இன்டர்லாக்கனிலிருந்து யுங்ஃபிராவ்யோஹ் போய்வர முழுக் கட்டணம் 200 ஃபிராங்கைத் தாண்டும். எனவே இந்த ஒரு வரியே உங்கள் முடிவைத் திருப்பிப் போட்டுவிடும்.

இந்தப் பல்சக்கர ரயில்களில் ஏறும்போது நம் ஊட்டி ரயில் ஞாபகம் வந்தால் அதில் நியாயம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே ஓடும் பல் கம்பி, ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த முறை. அங்கே ஓடிய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் பிறந்தவை. அதே ஆப்ட் முறையில் இன்றும் நீராவியில் ஏறுகிற ரயில் பார்க்க வேண்டும் என்றால் இன்டர்லாக்கன் பக்கத்தில் பிரியன்ஸ் ஊரிலிருந்து ரோட்ஹார்ன் உச்சிக்குப் போங்கள். கோடையில் மட்டும் ஓடும்.

ஒரு சின்னக் கணக்கு

சரி, இப்போது இரண்டில் எது என்று முடிவு செய்வோம். தாளில் எழுதிய பயணங்களில், டிராவல் பாஸ் முழுக்க இலவசமாக்கும் பயணங்களை மட்டும் தனியே கூட்டுங்கள். பாதித் தள்ளுபடி மலைகளை இதில் சேர்க்க வேண்டாம், அவை இரு பக்கமும் ஒன்றே.

பிறகு, நீங்கள் நினைக்கும் டிராவல் பாஸ் விலையிலிருந்து 150-ஐக் கழித்து, மிச்சத்தை இரண்டால் பெருக்குங்கள். 6 நாள் பாஸ் என்றால் 379-ல் 150 போக 229. இரண்டால் பெருக்கினால் 458. இதுதான் வரம்பு. உங்கள் கூட்டல் 458-ஐத் தாண்டினால் டிராவல் பாஸ் லாபம். தாண்டாவிட்டால் ஹாஃப் ஃபேர் கார்டு லாபம். 8 நாள் பாஸுக்கு இந்த வரம்பு 538, 15 நாள் பாஸுக்கு 618. பட்டியலில் யுங்ஃபிராவ்யோஹ் இருந்தால் அந்த 25 சதவீத வித்தியாசத்துக்காக வரம்போடு இன்னும் 110 ஃபிராங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

3 நாள், 4 நாள் பாஸ்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் சோதனை வேண்டும். எந்த அட்டையும் இல்லாமல் முழுக் கட்டணத்தில் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுங்கள். மலைகளையும் சேர்த்து மொத்த முழுக் கட்டணமே 300 ஃபிராங்கைத் தொடவில்லை என்றால் 150 கொடுத்து அட்டை வாங்குவதில் அர்த்தமில்லை.

இரண்டு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். விலைகளை ஏறத்தாழ முழு எண்ணாக்கியிருக்கிறேன், நீங்கள் உங்கள் தேதிக்குப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

முதல் குடும்பம் ஓரிடத்தில் தங்கிச் சுற்றுகிறது. சூரிக் விமான நிலையம் முதல் லூசெர்ன் 32 ஃபிராங்கு. படகில் போய் ரிகி ஏறி ரயிலில் திரும்ப 110. லூசெர்னிலிருந்து புரூனிக் கணவாய் வழியே இன்டர்லாக்கன் 35. ஒரு நாள் லாட்டர்புருன்னனும் மியூரனும் போய்வர 40. பிரியன்ஸ் ஏரியில் படகு, திரும்ப ரயில், இன்னொரு 40. கிரின்டல்வால்ட் போய்வர 23. கடைசியில் இன்டர்லாக்கனிலிருந்து சூரிக் விமான நிலையம் 78. மொத்தம் 358. இதற்கு மேல் கிரின்டல்வால்டிலிருந்து யுங்ஃபிராவ்யோஹ் போய்வர 220.

ஹாஃப் ஃபேர் கார்டில் இவர்களுக்கு ஆளுக்கு ஆகும் செலவு, அட்டைக்கு 150, டிக்கெட்டுகளுக்குப் பாதியாக 289, ஆக 439. டிராவல் பாஸில் 379-உடன் யுங்ஃபிராவ்யோஹுக்கு 165 சேர்த்து 544. நூற்றைந்து ஃபிராங்கு வித்தியாசம். இத்தனைக்கும் இவர்கள் ஒரு நாள்கூடச் சும்மா உட்காரவில்லை, ரிகியையும் இலவசக் கணக்கில்தான் வைத்திருக்கிறோம்.

இரண்டாவது ஒரு தம்பதி, நாட்டைச் சுற்றுகிறார்கள். சூரிக் விமான நிலையம் முதல் லூசெர்ன் 32, ரிகி 110, லூசெர்னிலிருந்து இன்டர்லாக்கன் வழியாக மான்ட்ரூ 90, அங்கிருந்து செர்மாட் 75, செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் 159, அங்கிருந்து பெர்னினா கணவாய் தாண்டி இத்தாலிய எல்லை ஊரான திரானோ போய்வர 64, கடைசியில் சூரிக் விமான நிலையம் 80. மொத்தம் 610. இது 458-ஐ எளிதாகத் தாண்டுகிறது. ஹாஃப் ஃபேர் கார்டில் 455 ஆகும் இடத்தில் 6 நாள் டிராவல் பாஸ் 379-ல் முடிகிறது. இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு டிராவல் பாஸ் எடுக்கலாம்.

இரண்டு பயணமும் ஏறத்தாழ ஒரே நாட்கள், மொத்தக் கட்டணமும் பக்கத்தில் பக்கத்தில்தான். முடிவு மட்டும் தலைகீழ்.

வயதான பெற்றோரை அழைத்துப்போகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கைத் தாண்டி ஒரு யோசனை. வித்தியாசம் இருபது முப்பது ஃபிராங்குதான் என்றால் டிராவல் பாஸே எடுங்கள். களைப்பாக இருந்தால் ஒரே நிறுத்தத்துக்குக்கூட டிராமில் ஏறிக்கொள்ளலாம், மழை வந்தால் அருங்காட்சியகத்துக்குள் போய்விடலாம். ஒவ்வொன்றுக்கும் காசு எண்ணாமல் இருக்கிற அந்த நிம்மதிக்கு ஒரு விலை கொடுக்கலாம்.

வட்டாரப் பாஸ்கள்

முழுப் பயணமும் ஒரே வட்டாரத்துக்குள் என்றால் இவற்றையும் பாருங்கள். லூசெர்ன் ஏரியைச் சுற்றி டெல் பாஸ். 2, 3, 4, 5, 10 நாட்களுக்குக் கிடைக்கும். ரிகி மட்டுமல்ல, பிலாட்டஸும் டிட்லிஸும்கூட அதில் முழுக்க இலவசம். டிராவல் பாஸில் கிடைக்காத சலுகை இது. அடுத்தடுத்த நாட்களில் இந்தப் பெரிய மலைகளை எல்லாம் ஏறிவிடுகிற வேகம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல பாஸ் இல்லை. பிலாட்டஸ் ரயில் 1889-லிருந்து ஓடுகிறது, 48 சதவீதச் சரிவு, பல்சக்கர ரயில்களில் உலகிலேயே மிகச் செங்குத்தானது. ஆனால் சூரிக்கிலிருந்து லூசெர்ன் வருவதற்கு டெல் பாஸ் செல்லாது, அந்த டிக்கெட்டைத் தனியே எடுக்க வேண்டும்.

இன்டர்லாக்கன் பக்கம் இரண்டு பாஸ்கள். பெர்னர் ஓபர்லான்ட் பாஸ் பெரிய வட்டாரத்துக்கானது. பெர்ன், லூசெர்ன் வரை செல்லும், பல சின்ன மலைகளும் அடக்கம். யுங்ஃபிராவ் டிராவல் பாஸ் சின்ன வட்டாரத்துக்கானது, மலைகளிலேயே பொழுதைக் கழிப்பவர்களுக்கு. இரண்டிலுமே யுங்ஃபிராவ்யோஹ் உச்சிக்கான கடைசிப் பகுதிக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும்.

ஒருநாள் மட்டும் நீண்ட தூரம் போவது உங்கள் திட்டம் என்றால் சேவர் டே பாஸ் என்று ஒன்று இருக்கிறது. நாடு முழுக்க ஒரு நாள் சுற்றலாம். ஆறு மாதம் முன்பிருந்தே விற்பனைக்கு வரும். முன்கூட்டி எடுத்தால் 52 ஃபிராங்கிலிருந்து, ஹாஃப் ஃபேர் கார்டு உள்ளவர்களுக்கு 29-லிருந்து. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். மேலே சொன்ன 78 ஃபிராங்குப் பயணத்தை இதில் அடக்கினால் நல்ல லாபம். விமான டிக்கெட்டில் தேதி உறுதியாகிவிட்ட நாட்களுக்கு, அதாவது வந்திறங்கும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும், இது மிகப் பொருத்தம். மலை ஏறும் நாளுக்கு வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

பிள்ளைகளும் இளைஞர்களும்

ஆறு வயது ஆகாத குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம். 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள், பெற்றோரில் ஒருவராவது டிராவல் பாஸோ ஹாஃப் ஃபேர் கார்டோ வைத்திருந்தால், ஸ்விஸ் ஃபேமிலி கார்டு மூலம் இலவசமாகப் போகலாம். அந்த அட்டைக்குக் காசு இல்லை, ஆனால் பாஸ் வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. கவனிக்க வேண்டியது, பெற்றோர் கூடவே பயணம் செய்ய வேண்டும். தாத்தா பாட்டியுடன் பிள்ளையை மட்டும் அனுப்பிவிட்டு அட்டையை நம்பிக்கொண்டிருக்க முடியாது. 25 வயது ஆகாத இளைஞர்களுக்கு டிராவல் பாஸே சுமார் 30 சதவீதம் மலிவு. கல்லூரி படிக்கும் பிள்ளை கூட வந்தால் அவருக்கான கணக்கைத் தனியாகப் போடுங்கள். பெற்றோருக்கு ஹாஃப் ஃபேர் கார்டும் பிள்ளைக்கு டிராவல் பாஸும் சரியாக வரலாம். குடும்பத்தில் எல்லோரும் ஒரே பாஸ் எடுக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

உறவினர் வீட்டில் தங்குகிறீர்களா?

1980-களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் குடியேறிய நாடு சுவிட்சர்லாந்து. அண்ணன் வீட்டிலோ சித்தி வீட்டிலோ தங்கிக்கொண்டு மலை பார்க்கக் கிளம்புகிறவர்கள் அவர்களிடமே கேளுங்கள், கெமைண்டே அலுவலகத்தில் நாள் பாஸ் கிடைக்குமா என்று. அந்தந்த ஊர் நிர்வாகம் விற்கிற இந்த ஒருநாள் பாஸ் 2024-லிருந்து புது வடிவில் வந்திருக்கிறது. முன்கூட்டி எடுத்தால் ஹாஃப் ஃபேர் கார்டு உள்ளவருக்கு 39 ஃபிராங்கு, இல்லாதவருக்கு 52. எண்ணிக்கை அளவானது, விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் மட்டும் வெளியே கிளம்பி மற்ற நாட்களில் உறவினரோடு இருக்கிறவர்களுக்கு டிராவல் பாஸைவிட இதுதான் கைகொடுக்கும்.

ஹோட்டலில் தங்குகிறவர்கள் விருந்தினர் அட்டையை மறக்காதீர்கள். லூசெர்ன், இன்டர்லாக்கன் போன்ற ஊர்களில் தங்கும் விடுதியே இலவசமாகத் தரும், அதைக் காட்டி ஊருக்குள் பேருந்தில் போகலாம். தெற்கே டிச்சினோ மாநிலத்தில் இன்னும் தாராளம், அங்கே ராத்திரி தங்கினாலே மாநிலம் முழுக்கப் பொதுப் போக்குவரத்து இலவசம்.

பனோரமா ரயில்கள்

செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் போகும் கிளேசியர் எக்ஸ்பிரஸ் 291 பாலங்களையும் 91 சுரங்கங்களையும் கடக்க எட்டு மணி நேரம் எடுக்கும். டிராவல் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குச் சுமார் 50 ஃபிராங்கு தனி. ஹூர் நகரத்திலிருந்து திரானோ போகும் பெர்னினா எக்ஸ்பிரஸுக்கும் முன்பதிவு கட்டாயம்.

ஆனால் அதே தண்டவாளத்தில் சாதாரணச் சிவப்பு ரயில்களும் ஓடுகின்றன. முன்பதிவு வேண்டாம், கூடுதல் காசும் இல்லை. அதே லாண்ட்வாசர் பாலம், 2,253 மீட்டர் உயரத்தில் அதே ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையம், புரூசியோவில் தன்னைத்தானே சுற்றி இறங்கும் அதே வளைவுப் பாலம். 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது பாதையைத்தான், ரயிலை அல்ல. பனோரமா பெட்டியின் கண்ணாடி பெரியது, ஆனால் திறக்காது. சாதாரண ரயிலில் பல பெட்டிகளில் ஜன்னலை இறக்கலாம், படம் எடுக்க அதுதான் வசதி. நடுவில் பிடித்த ஊரில் இறங்கி, ஒரு மணி நேரம் கழித்து அடுத்த ரயிலில் ஏறலாம். பெர்னினாப் பாதைக்கு நான் யாருக்கும் சாதாரண ரயிலைத்தான் சொல்வேன். கிளேசியர் பாதையில் சாதாரண ரயில் என்றால் மூன்று நான்கு முறை மாற வேண்டும், கையில் பெட்டிகளோடு வருகிற குடும்பத்துக்கு எக்ஸ்பிரஸே நல்லது.

லூசெர்ன் - இன்டர்லாக்கன் எக்ஸ்பிரஸும் பெரிய ஜன்னல் ரயில்தான். அதற்கு முன்பதிவு கட்டாயமில்லை. இன்டர்லாக்கன் போகும் திசையில் வலப்புறம் உட்கார்ந்தால் ஏரிகள் அந்தப் பக்கம்.

மலை நாளை வானம் முடிவு செய்யட்டும்

இவ்வளவு கணக்கும் போட்டபின், உச்சிக்குப் போகும் நாளன்று மேகம் மூடிவிட்டால் எல்லாம் வீண். 200 ஃபிராங்கு கொடுத்து வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள். அதனால் விலை உயர்ந்த மலை டிக்கெட்டை ஊரிலிருந்தே தேதி போட்டு வாங்காதீர்கள். கிட்டத்தட்ட எல்லா உச்சியிலும் நேரடிக் கேமரா இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதைப் பாருங்கள். கீழே ஊர் மேகத்துக்குள் இருந்தாலும் மேலே வெயில் அடிக்கலாம், அதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். மேலே தெளிவாக இருந்தால் அப்போதே செயலியில் டிக்கெட் எடுத்துக் கிளம்புங்கள், இல்லையென்றால் படகு நாளை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். யுங்ஃபிராவ்யோஹுக்குக் கோடையில் கூட்டம் அதிகம் என்பதால் முதல் நாள் மாலையே வானிலை பார்த்து இடம் பிடிப்பது புத்திசாலித்தனம்.

இப்படி நாளை மாற்றிக்கொள்ள ஹாஃப் ஃபேர் கார்டும் டிராவல் பாஸும் இரண்டுமே இடம் கொடுக்கும். தேதி குத்திய சேவர் டே பாஸ் கொடுக்காது, திருப்பிக் கொடுத்துப் பணமும் வாங்க முடியாது.

நவம்பரிலும் ஏப்ரலிலும் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பராமரிப்புக்காகப் பல ரோப் கார்களை அந்த மாதங்களில் சில வாரம் நிறுத்துவார்கள். ஏரிப் படகுகளும் குளிர்காலத்தில் குறைந்துவிடும். பாஸில் 'இலவசம்' என்று இருப்பது ஓடினால்தான் இலவசம்.

வாங்கும்போதும் போகும்போதும்

பாஸை இணையத்திலேயே வாங்கிவிடலாம், க்யூஆர் கோடுடன் வரும். பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். இனிஷியல் விஷயத்தில் நம் ஆட்களுக்குக் குழப்பம் வரும், பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிரப்புங்கள். முதல் வகுப்பு வேண்டாம். இரண்டாம் வகுப்பே விசாலமாகவும் சுத்தமாகவும் இருக்கும்.

தொடங்கும் தேதியை யோசித்துப் போடுங்கள். விமானம் ராத்திரி இறங்குகிறது என்றால் அன்று பாஸ் தொடங்க வேண்டாம். விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம், சூரிக் நகரத்துக்கு சுமார் 7 ஃபிராங்கு டிக்கெட், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பாஸை எண்ண ஆரம்பியுங்கள். அதேபோல் கடைசி நாள் விமான நிலையம் மட்டுமே போவதாக இருந்தால் அதற்காக 4 நாள் பாஸை 6 நாளாக நீட்டாதீர்கள். டிராவல் பாஸில் ஒரு நாள் என்பது மறுநாள் அதிகாலை 5 மணி வரை செல்லும், ராத்திரி தாமதமாகத் திரும்பினாலும் கவலை இல்லை.

நிலையங்களில் கதவோ தடுப்போ கிடையாது, நேரே நடைமேடைக்குப் போய் ஏறிக்கொள்ளலாம். ஆனால் ரயிலுக்குள் பரிசோதகர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஹாஃப் ஃபேர் கார்டு உள்ளவர்கள் பாதி விலை டிக்கெட்டையும் அட்டையையும் சேர்த்துக் காட்ட வேண்டும், பாஸ்போர்ட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். டிக்கெட்டை வண்டி கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும், ஏறியபின் செயலியைத் திறந்தால் அபராதம்தான். ஃப்ளெக்ஸ் பாஸ்காரர்கள் அன்றன்றைய நாளை இணையத்தில் இயக்கிவிட்டு ஏற வேண்டும். கைபேசியில் சார்ஜ் இறங்கிவிட்டால் டிக்கெட்டும் போய்விடும், அதனால் பாஸை ஒரு தாளில் அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் ஏறும்போது மட்டும் பெட்டியைப் பார்த்து ஏறுங்கள். அங்கிருந்து கிளம்பும் ரயில் ஸ்வைலூட்ஷினன் என்ற இடத்தில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரின்டல்வால்டுக்கும் போய்விடும். எந்தப் பாதி எங்கே போகிறது என்று நடைமேடைப் பலகையிலும் பெட்டியிலும் போட்டிருக்கும். குடும்பம் முழுவதும் ஒரே பாதியில் ஏறிவிட்டீர்களா என்று வண்டி கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.